ஒன்றும் கெட்டுப்போகாத நான்கு வருடங்கள்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வந்தாலே எனக்குத் திட்டு நிச்சயம். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு ரிசார்ட்டில் அப்போது வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. அந்தச் செவ்வாயன்று காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை எந்த அறையிலும் சுடுதண்ணீர் வராது. மார்கழிக் குளிரில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் ஃபோனை எடுத்து என்னைத்தான் திட்டுவார்கள். மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கியிருக்கிறேன். ஒரு முறை ஒரு பெண்மணி ஈரத்துண்டோடு வரவேற்பறைக்கே வந்து, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "உன்னை எந்தக் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள்?" என்று கேட்டாள்.

நான் வந்தது வண்டிப்பெரியாரிலிருந்து. எஸ்டேட் லயத்தில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவள். அம்மா சீக்கிரமே போய்விட, அம்மாவின் தங்கை, என் சித்தி, தேயிலை கிள்ளி என்னைப் படிக்க வைத்தார். அந்தப் பெண்மணி கேட்டதில் எனக்கு எரிந்தது அவள் மேல் இல்லை. சுடுதண்ணீரை நிறுத்திய ஆள் மேல்தான் எரிந்தது.

அவர் எங்கள் பராமரிப்பு ஆள். பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். குழாய், கழிவுநீர், மோட்டார், சுடுதண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. உடைந்த பிறகு சரிசெய்கிற வழக்கம் அவரிடம் இல்லை. உடைவதற்கு முன்பே போய் நிற்பார். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கும் முன் கழிவுநீர்த் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து இறங்கிவிடுவார். ஒரு வாஷர் தேய்ந்திருக்கிறது என்று, சொட்டாத குழாயைக் கழற்றுவார். முதல் செவ்வாயன்று ஹீட்டர் அறைக்குள் போவார்.

அந்த அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி நின்றது. உள்ளே மின்சாரத்தில் தண்ணீர் காயும். போதுமான சூடு வந்ததும் தானாகவே நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட். அது தவறிவிட்டால் ஆவியும் அழுத்தமும் வெளியே போக, தலைப்பக்கத்தில் ஒரு சேஃப்டி வால்வு. அவர் அடித்தண்ணீரைத் திறந்து துருச்சேற்றைக் கழிப்பார், தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பார், கடைசியில் வால்வின் சின்னக் கைப்பிடியைத் தூக்கிவிடுவார். புஸ்ஸென்று சீறி நிற்கும். பிறகு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் வேலை.

"எதுக்குண்ணே இது? நல்லாத்தானே ஓடுது?" என்று ஒருநாள் அவரிடம் சண்டைக்கே போனேன்.

"நல்லா ஓடறப்பவே தூக்கி உடோணுங்க அம்மிணி," என்றார். "துருத் தண்ணியில்லீங்களா, சும்மா உட்டா ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அப்பறம் அழுத்தம் எங்கீங்க போகும்?"

"மாசாமாசம் நாந்தானே பேச்சு வாங்குறேன்."

"ரெண்டு மணி நேரந்தானுங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கு வருடத்தில் நான் வரவேற்பு மேஜையிலிருந்து உள் அறைக்கு உயர்ந்தேன். நிர்வாகம் முழுக்க என் கைக்கு வந்தது. எஸ்டேட்டில் முழங்கால் வலியோடு மலையேறிக்கொண்டிருந்த சித்தியைக் கூப்பிட்டு, ரிசார்ட்டின் சலவை அறையில் வேலை போட்டுக்கொடுத்தேன். அவர் வாரம் முழுக்க ஊழியர் குடியிருப்பில் தங்கி, சனிக்கிழமை மாலை பஸ்ஸில் மகன் வீட்டுக்குப் போவார். அம்மிணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பராமரிப்பு ஆள் என்னை மேடமுங்க என்று கூப்பிடத் தொடங்கினார். முதல் செவ்வாய் மட்டும் மாறவில்லை.

முதலாளி ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தவர். தமிழும் மலையாளமும் கலந்துதான் எங்களிடம் பேசுவார். ஒருநாள் எங்கே ஆளைக் குறைக்கலாம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"பிளம்பர் வேண்டாம் சார். நாலு வருஷமா இங்க ஒண்ணும் கெட்டுப் போகல. அவருக்கு வேலையே இல்ல. வேலை இருக்கிற மாதிரி காட்டத்தான் சுடுதண்ணிய நிறுத்துறாரு."

முதலாளி பேனாவை மூடினார். "அதும் ஸெரியாணல்லோ. ஒண்ணும் கேடாகல்லேன்னா பின்னே ஆளு எதுக்கு? நீயே அவன்கிட்ட சொல்லிக்கோ."

அந்த நான்கு வருடமும் ஏன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்ற கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை. எனக்கு வராமல் போனதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. வர விடவில்லை.

அவரிடம் சொல்லப் போனபோது மழைக்கு முந்திய வேலையில் இருந்தார். சமையலறைக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டிக்குள் மார்பு வரை நின்று, அடைப்பை வாளியில் அள்ளி மேலே வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏறி வந்து கைகால் கழுவும்வரை நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. வெயிலுக்குக் குடையைப் பிடித்தபடி, நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, மேலே நின்றே சொன்னேன்.

"அண்ணே, இந்த மாசத்தோட போதும். இனிமே ஏதாவது ரிப்பேர்னா டவுன்லருந்து ஆளக் கூப்பிட்டுக்குறோம்."

அவர் அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் அழுக்கு. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

"ஏனுங்க மேடம், ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா?"

"தப்பு ஒண்ணுமில்ல. வேலை ஒண்ணுமில்லையே."

"செரிங்க," என்றார். பிறகு, "நாளன்னைக்கு அடுத்த மாசத்து மொதச் செவ்வாய்ங்க. வால்வ மட்டும் தூக்கி உட்டுட்டுப் போறனுங்க."

"ரூம் ஃபுல். அன்னைக்குத் தண்ணிய நிறுத்த முடியாது."

"அப்ப யாருகிட்டயாச்சும் காட்டிக் குடுத்துட்டுப் போறனுங்க. கஷ்டமில்லீங்க, கையில தூக்கறதுதான்."

"நாலு வருஷமா வெடிக்காதது இனிமே வெடிக்கப் போகுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அவர் குனிந்து வாளியை எடுத்தார். மிச்சமிருந்த அடைப்பையும் அள்ளி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் கிளம்பியபோது சித்தி டீ போட்டுக் கொடுத்து, பஸ் வரும்வரை கூட நின்றாராம்.

அவர் போன பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகள் எனக்குச் சுகமாக இருந்தன. யாரும் திட்டவில்லை. மழை போய்ப் பனி வந்தபோது, சுடுதண்ணீர் முன்னைவிட நன்றாகக் காய்ந்தது. "இந்த மலையில் இவ்வளவு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேறெங்கும் கிடைக்கவில்லை" என்று விருந்தினர் புத்தகத்தில் ஒருவர் எழுதினார். அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, நிறுத்த வேண்டிய சூட்டில் நிறுத்தாமல் தொட்டி காய்ந்துகொண்டே இருக்கிறது என்று அந்தப் பாராட்டுக்கு அர்த்தம். எனக்குத் தெரியாது. தெரிந்த ஆளை நான்தான் அனுப்பியிருந்தேன்.

சித்தி ஒருநாள் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, சலவ ரூம்ல குழா இருமுது. தொறந்தா காத்தோட துப்புது. அந்த அண்ணாச்சிய ஒருதரம் வரச் சொல்லேன்."

என் எதிரே ஒரு டிராவல் ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் சலவைக்காரி என்னைப் பாப்பா என்று கூப்பிட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

"எஸ்டேட்ல பச்சத்தண்ணியில துவச்சவதானே நீ? இங்க சுடுதண்ணி குடுத்தா அதுலயும் குத்தமா? போய் வேலையப் பாரு."

அவர் திரும்பிச் சலவை அறைக்குப் போனார். அதுவரை நான் சித்தியை 'நீ' என்று அதட்டியதில்லை.

மறுநாள் காலை பத்தரை மணி. இரண்டு அறை ஆட்கள் காலி செய்துவிட்டுப் போய், விரிப்புகள் சலவைக்கு வந்திருந்தன. பெரிய பாத்திரம் கீழே விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு குக்கர் சீறுவது போல நிற்காத சீறல். கத்தல் எதுவும் கேட்கவில்லை. அதனால் நான் அவசரப்படாமல்தான் எழுந்து போனேன்.

சலவை அறையிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. சித்தி வாசலுக்கு வெளியே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். குழாயைத் திறந்ததும் ரப்பர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு, ஆவியும் கொதிநீரும் நேராக அவர் மேல் அடித்திருக்கிறது. முகத்தில் பாதி, கழுத்து, மார்பு, வலது கை. சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் அதை எடுக்கப் போனேன்.

"தொடாத பாப்பா. தோலோட வருது," என்றார். சாதாரணக் குரலில் சொன்னார்.

டவுனிலிருந்து ஓடிவந்த எலக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்தினான். ஹீட்டர் அறைக்குப் போய் அந்தச் சின்னக் கைப்பிடியைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. துணி சுற்றிப் பலம் கொண்டு இழுத்ததும் கைப்பிடி ஒடிந்து அவன் கையோடு வந்தது. வால்வு துருவில் கல்லாகிப் போயிருந்தது. "குழாயத் தொறக்காம இருந்திருந்தா தொட்டியே வெடிச்சிருக்கும்," என்றான். சித்தி குழாயைத் திறந்ததால் மற்றவர்கள் பிழைத்தார்கள் என்பது போல எல்லோரும் தலையாட்டினார்கள்.

சித்தியைக் கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் முதலாளி என்னை அழைத்தார். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"போலீஸ் கேஸாகும். ரெஜிஸ்டர்ல கடைசி ஒப்பு, கையெழுத்து, அவனோடது. அவனை நிறுத்தினதுக்குக் கடிதம் ஒண்ணும் நாம கொடுக்கல்லே. விளிச்சா வருவான்னு ஏற்பாடு, அவன் வரல்லே. அத்தரயே உள்ளூ." பிறகு மெதுவாக, "அல்லெங்கில், இப்படிச் சொல்லலேன்னா, அவனை வேண்டாம்னு சொன்னது நீயல்லே?" என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. வேலை போனால் திரும்ப வேண்டிய லயத்தின் அந்த ஒற்றை அறைதான் முதலில் என் கண்ணுக்கு வந்தது. வெந்து கிடக்கிற சித்தி இரண்டாவதாகத்தான் வந்தார். இதை எழுதும்போது மாற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த வரிசையில்தான் வந்தது.

வாக்குமூலம் எடுக்க ஒரு போலீஸ் ஏட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தெற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், தமிழ் பிடிபடவில்லை. சித்திக்கு உதடு வீங்கிப் பேச்சும் குழறியது. "நீங்கள் சொந்தக்காரிதானே, தமிழில் கேட்டுச் சொல்லுங்கள்," என்று என்னைக் கட்டிலருகே நிற்க வைத்தார். அவர் மலையாளத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். சித்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அந்த அண்ணாச்சி இருந்த வரைக்கும் ஒருநாளும் இப்படி ஆனதில்ல. மாசாமாசம் தொறந்து பாப்பாரு. அவர நிறுத்திட்டாங்க. பொறவு யாருமே பாக்கல. முந்தின நாளே நான் எம் பாப்பாகிட்ட சொன்னேன், குழா இருமுதுன்னு."

ஏட்டு பேனாவோடு என்னைப் பார்த்தார்.

நான் மலையாளத்தில் சொன்னேன்: குழாயில் ரொம்ப நாளாகவே கோளாறு இருந்ததாம். பழைய பிளம்பர் சரியாகப் பார்ப்பதில்லையாம். கூப்பிட்டாலும் வரமாட்டாராம். அன்றைக்குக் குழாய் துப்புவதைப் பார்த்தும், யாரிடமும் சொல்லாமல் தானே திறந்துவிட்டாராம்.

குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை. வரவேற்பு மேஜையில் இத்தனை வருடம் பேசிப் பழகிய, நல்ல தெளிவான மலையாளம்.

அவர் எழுதி முடித்தார். பிறகு விதிப்படி முழுவதையும் சித்திக்கு வாசித்துக் காட்டினார். கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணால் சித்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் மலையாளிக் கண்டக்டரின் பஸ்ஸில் ஏறி, மலையாளி டாக்டரிடம் மருந்து வாங்கி, எஸ்டேட் ஆபீசில் மலையாளத்தில் ஏச்சு வாங்கியவர் அவர். பேசக் கூச்சப்படுவாரே தவிர ஒரு சொல் விடாமல் புரியும். அது எனக்குத் தெரியும். ஏட்டு பாதி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது.

"இது சரிதானா?" என்று ஏட்டு மலையாளத்தில் கேட்டார்.

சித்தி கண்ணைக் கூரையிலிருந்து எடுத்து என் முகத்தில் வைத்தார்.

"ஸெரியாணு ஸாரே," என்றார்.

என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள்.

பிளம்பரை விசாரணைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறி வந்தார். அப்போது பாலக்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "நான் போயி ஏழு மாசத்துக்கு மேல ஆச்சுங்க, மேடத்தயே கேளுங்க," என்று, ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த எஸ்.ஐ.யிடம், அங்கே நின்றிருந்த என்னைக் காட்டினார். அப்படிக் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"அவரா நின்னுக்கிட்டாரு சார். கூப்பிட்டா வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு," என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "ஏனுங்க..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திவிட்டார். வெளியே வராந்தாவில் என்னைக் கடக்கும்போது மட்டும், "அந்தக்காவுக்குக் கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, விபத்து என்று முடிந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் ஸ்டேஷனிலிருந்து விசாரித்து ஃபோன் போனதுமே மண்டபத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். அவருடைய அஜாக்கிரதையால் ஒரு பொம்பளை வெந்துபோனாள் என்று பேச்சுப் பரவிவிட்ட பிறகு, அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டடத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. வாளையாரில் லாரிகள் நிற்கிற இடத்தில் பஞ்சர் ஒட்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள். நம்பர் வாங்கி ஒருநாள் பேசினேன். மன்னிப்புக் கேட்கத்தான் பேசினேன். அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவரே கேட்டார்: "புது வால்வு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுண்ணே."

"மாசாமாசம் யாருங்க தூக்கறாங்க?"

நானேதான் முதல் மூன்று மாதம் தூக்கினேன். பிறகு சீசன் வந்தது, மறந்தேன். வருடத்துக்கு ஒருமுறை ஒரு காண்டிராக்ட் ஆள் வந்து தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறான், நான் கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இனி கூப்புடாதீங்க," என்று வைத்துவிட்டார்.

சித்தி இப்போது வண்டிப்பெரியாரில் மகனோடு லயத்தில் இருக்கிறார். வலது கை விரல்கள் உள்ளங்கையோடு சுருங்கி ஒட்டிப்போயின. கொழுந்து கிள்ள முடியாது, துணி பிழிய முடியாது, சோற்றை இடது கையால் சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். பழமும் ரொட்டியும் வாங்கிப் போவேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பிறகு அவர் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் வலியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மாறவில்லை. பாப்பா என்கிற சொல் போய், "மோள் எப்போ வந்நு?" என்று கேட்பார். சாப்பாடு போட்டால், போதும் என்பதற்கு "மதி" என்பார். கூச்சத்தோடு, தப்புத் தப்பாக, எஸ்டேட் ஆபீசரிடம் பேசுகிற மலையாளம். நான் வாசலில் நுழைவதற்கு முன் உள்ளே பக்கத்து வீட்டுக்காரியோடு தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். அக்கம்பக்கத்தார் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். வெந்நீர் பட்டதில் மூளை குழம்பிவிட்டது என்கிறான் அவர் மகன். நான் அவனைத் திருத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, "சித்தி, நான் செஞ்சது எனக்குத் தெரியும். செருப்பால அடி. ஒருதரம் தமிழ்ல திட்டிட்டாவது விடேன்," என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சுருங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கடன் கேட்டு வந்த அந்நியரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னார்.

"எனிக்கு தமிழ் அறியில்லா மோளே."

பிறகு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தி, பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஏட்டி, மழ வருது பாரு, கொடியில கெடக்குற துணிய எடுத்துப் போடு," என்றார்.